முன்னமே போட்ட மொட்டை

கங்கையா கத்தியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, எதிரே குந்தியிருந்த ஹரிபிரசாத்தின் தலையைப் பார்த்தபடி நின்றார். மழிக்க ஒரு முடி இல்லை. நேற்று திருமலையில் பூசிய சந்தனம் காதோரம் காய்ந்திருந்தது. இரண்டு இடத்தில் வெட்டுக்காயம்.

"இன்னாத்தப்பா செரைக்கறது?"

"அப்பன் உசுரோட கீறப்பவே மொட்ட போட்டுக்கினு வந்துட்டான்" என்றது ஒரு குரல்.

ஹரிபிரசாத்தின் தங்கை ஷோபா வாசற்படியில் நின்றிருந்தாள்.

அண்ணனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தால் அவன் முடியைத் தருவதாக மலைக்கு வேண்டிக்கொண்டவர் நைனா. வேலை கிடைத்து ஐந்து வருடம். வேலூரிலிருந்து நடந்தே மலைக்குப் போகிறவர்களுக்கு நைனா புரட்டாசியில் மோர் கொடுப்பார். கொடுத்துவிட்டு, எப்போது மொட்டை போடப்போகிறாய் என்று மகனைக் கேட்பார்.

"மல எங்க நைனா ஓடிப்பூடும்? சித்தூர்ல பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம்."

நேற்றுக் காலை நைனாவுக்கு நெஞ்சுவலி. மத்தியானத்துக்குள் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். லீவில் வந்திருந்த ஹரிபிரசாத் டாக்ஸியைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினான். ஆனால் ஏறவில்லை.

"இது சாமி கோவம்தான், ஷோபா. முடியக் குடுத்துட்டு ஓடியாந்துடறேன். அதுவரிக்கும் நைனாவ எங்கயும் கொண்டுபோவாத."

திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

கிளம்பலாமா என்று டாக்ஸிக்காரர் பதினோரு மணிக்குக் கேட்டார். பன்னிரண்டுக்கும் ஹாரன் அடித்துக் கேட்டார்.

"அண்ணன் வந்துடட்டும்" என்றாள் ஷோபா, இரண்டு முறையும்.

நைனா கண்ணைத் திறந்தார். "வந்துட்டானா?"

"வந்துக்கினே கீறான், நைனா."

மூன்று மணிக்கு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் ஹரிபிரசாத் வந்தான். "சாமியக்கூட பாக்கல, ஷோபா. முடி மட்டும் குடுத்தேன்" என்றான்.

"சாங்கியத்துக்கு ஓட்டுய்யா" என்றார் ரங்கையா மாமா. "பாடை ரெடியாய்டுச்சி."

கங்கையா வெட்டுக்காயங்களை விலக்கி, வெறும் தோலில் கத்தியை ஓட்டினார். பறைச்சத்தம் நின்றிருந்ததால் கத்தி போகும் ஓசை வாசற்படி வரை கேட்டது. ஹரிபிரசாத் தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

பாடை போன பிறகு அந்த இடத்தைப் பெருக்க ஷோபா துடைப்பத்தோடு வந்தாள். முடி இல்லை. சந்தனம் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. அதைக் கூட்டினாள். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள்.

தெருமுனையில் ஏதோ ஒரு கார் ஹாரன் அடித்தது.

"அண்ணன் வந்துடட்டும்" என்றாள், நிமிராமலே.