ஒன்பதாம் குழாயின் ஆழம்

ஒன்பதாம் எண் குழாயில் தண்ணீர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது மீட்டர் ஏறிவந்து, பத்தே முக்காலுக்குத் திரும்ப இறங்கிப் போய்விடும். இரண்டு வருடமாக இது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் குழாயை வேறு நேரத்தில் யாரும் அளந்ததில்லை. சுரங்கத்தைச் சுற்றி இப்படிப் பன்னிரண்டு குழாய்கள் பூமிக்குள் இறக்கப்பட்டிருந்தன. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, புளிப்பேறியிருக்கிறதா, இரும்பு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே போட்டவை. அளக்கிற வேலை ஒரு பெண்ணுடையது. போகிற இடமெல்லாம் குழாயின் மூடியைத் திறப்பவள் என்பதால் மூடிக்காரி என்று பெயர் வந்தது. மனிதர்களைக் கண்டால் வாயை மூடிக்கொள்பவள் என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது.

மூடியைத் திறந்த உடனே டேப்பை இறக்கிவிடக் கூடாது. அடைபட்ட காற்று வெளியேறித் தண்ணீர் தன் இடத்தில் நிலைகொள்ளக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது விதி. மற்ற பதினோரு குழாய்களும் லாரி போகும் பாதையிலும் காவல் கூண்டுக்குப் பக்கத்திலும் இருந்தன. ஒன்பது மட்டும் கடைசித் தெருவுக்குப் பின்னால் ஆளரவமில்லாத வெளியில் நின்றது. அந்தக் கால் மணி நேரத்தில் அவள் குழாயின் வாயருகே குந்திப் பேசத் தொடங்கினாள். மகளுக்குக் கணக்கு ஏறவில்லை என்பாள். சுரங்க அலுவலகத்தில் ஒருவர் குத்தலாகச் சொன்னதற்கு மூன்று நாள் கழித்துத் தோன்றிய பதிலை அங்கேதான் சொல்வாள். ஆறு வருடம் இப்படிப் போயிற்று. மாதம் ஒருமுறை அங்கிருந்து எடுத்துப்போன தண்ணீர்ப் புட்டி எப்போதும் உடம்புச் சூட்டிலேயே வந்து சேர்வதாகச் சோதனைக்கூடத்துக்காரர் எழுதினார், வெப்பமானியை இரண்டு முறை மாற்றியும் பார்த்தார். நான்காம் வருடம் சுரங்கம் இன்னும் ஆழத்துக்குப் போனது, பெரிய பம்புகள் இறங்கின, சுற்றுவட்டாரத்துத் தண்ணீரெல்லாம் கீழே போயிற்று. ஒன்பதாம் குழாயின் தண்ணீரும்தான் போயிற்று. ஆனால் அவள் மூடியைத் திறந்ததும் அதற்கு மனம் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மிச்சமிருந்ததையும் சேர்த்துக்கொண்டு, பழைய இருபத்திரண்டு மீட்டர் ஆழத்துக்கே ஏறிவந்து நின்று அவள் பேச்சைக் கேட்டது.

கடைசித் தெருவில் முப்பத்தொரு வீடுகள். கிணறுகளில் சேறுதான் இருந்தது. ஒன்பதாம் குழாயில் தண்ணீர் ஐந்து மீட்டர் இறங்கினால் அந்தப் பக்கத்துப் பம்புகளை நிறுத்த வேண்டும் என்பது சுரங்கம் கையெழுத்திட்ட நிபந்தனை. இறங்கவில்லையே என்று வாரந்தோறும் அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டார்கள், கீழே மூடிக்காரியின் கையெழுத்து. அந்தத் தெருவில்தான் அவள் நாத்தனார் மூன்று மாதக் கைக்குழந்தையோடு இருந்தாள், ஒன்றரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தாள். ஒருநாள் வெறும் குடத்தோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரல அண்ணி. எங்க கிணத்துல தண்ணி இருக்குன்னு நீங்க எழுதியிருக்கீங்களாம், அதான் எங்க இருக்குன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

பம்புக்காரர், அதாவது மூடிக்காரியின் வீட்டுக்காரர், சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து யோசித்தார். "உன் தண்ணி இறங்கவே இல்லன்னா, ரெண்டு வருஷமா என் பம்பு என்ன காத்தையா உறிஞ்சுது?" என்றார். அவள் பொய் எழுதுகிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவருக்குக் குழப்பம்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் செவ்வாய் மதியம் ஷிப்டு முடிந்து அவரே டேப்பை எடுத்துக்கொண்டு போனார். நுனி தண்ணீரைத் தொட்டால் அந்த டேப் கீச்சென்று கத்தும். இருபத்திரண்டில் கத்தவில்லை, முப்பத்தொன்றில் கத்தியது. மூன்று தடவை அளந்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ரகசியம் வெளியானவளைப் போலப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அலுவலகம் அவர் எழுதிய அளவைச் செல்லாது என்று அடித்தது, பயிற்சி பெற்றவள் அளந்தால்தான் கணக்காம்.

குணமானதும் அவள் நேரம் மாற்றிப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் ஏறியது. பேசாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்பது போலப் பத்தொன்பது மீட்டர் வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து நேரே நாத்தனார் வீட்டுக்குப் போய், ஒரு மனுஷியிடம் அவள் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினாள். நாத்தனார் சிரிக்கவில்லை. செவ்வாய்க் காலையில் மட்டும் வாளி சேறுகூட ஒட்டாமல் மேலே வருவது அவளுக்கு நினைவு வந்தது.

"அப்ப அதுகிட்டயே சொல்லிடுங்க அண்ணி, வராதேன்னு."

"வராதேன்னா, நான் வெறுத்துட்டேன்னு நினைச்சுக்காதா?"

நாத்தனார் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "நீங்க எங்க வீட்டுக்கு ரெண்டு வருஷமா வரல. நான் அப்படி நினைச்சேன்தான். இப்ப வந்து சொன்னீங்க, சரியாப் போச்சுல்ல?"

அடுத்த செவ்வாய் இருவரும் போனார்கள். மூடிக்காரி குழாயின் வாயில் முகம் வைத்தாள். "நீ ஏறி வர வேணாம். எனக்காகக் கஷ்டப்படாதே. உன் இடத்துலயே இரு, நான் இறங்கி வர்றேன்" என்றாள். அடியில் யாரோ பெரிய அண்டாவை மெல்ல நகர்த்துவது போல ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. டேப்பை இறக்கினாள். இருபத்திரண்டு தாண்டியது, இருபத்தைந்து தாண்டியது. முப்பத்தொன்றரையில் கீச்சென்றது. அளவை எழுதினாள், ஆனால் டேப்பைச் சுருட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல, இன்னொரு கால் மணி நேரம் நுனியைத் தண்ணீரிலேயே விட்டு, மகள் கணக்கில் தேறிவிட்டதைச் சொன்னாள்.

நீர்ப்பிரிவு அதிகாரி நம்பாமல் மூன்று செவ்வாய் தானே வந்து டேப்பைப் பிடித்தார். முப்பத்தொன்றரைக்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கத்துப் பம்புகள் நிறுத்தப்பட்டன, பம்புக்காரர் வடக்குப் பக்கத்துக்கு மாற்றப்பட்டார். எட்டு மாதத்தில் தெருக் கிணறுகளில் தண்ணீர் ஊறியது, மூன்று வருடத்தில் ஒன்பதாம் குழாய் இருபத்துமூன்றுக்கு வந்தது, புளிப்பும் இல்லை. நாத்தனாருக்கும் சொல்ல நிறைய இருந்ததால் செவ்வாய்தோறும் குழந்தையோடு அவளும் வந்தாள். எவ்வளவு சொன்னாலும் தண்ணீர் கொஞ்சம் எட்டிப் பார்க்காமல் இருக்கவில்லை. அதிகாரி பல வாரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் குழாயில் மட்டும் அளக்கும்போது அருகே இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எழுதிவைத்தார். குழந்தைக்கு ஒன்று. அதற்குப் பேச்சு வந்ததும் இரண்டாகத் திருத்தினார்கள்.