காற்று வீசினால் ஒலிக்கும் குழல்

எங்கள் தேவாலயத்து ஆர்கனில் ஒரு குழல் தானாகவே ஒலிக்க ஆரம்பித்தது. வாசிக்கும் கட்டைகளில் யாருடைய விரலும் இருக்காது. காற்று மோட்டாரைப் போட்டதும், பக்கத்து அறையில் கெட்டில் முனகுவது போல, மெலிதாக ஒரே ஒரு ஸ்வரம் கேட்கும். நான் வாசிக்கும்போது மற்ற ஒலிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். நிறுத்தினால் வெளியே வந்துவிடும். அது தினமும் நடந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். மேற்குக் கடலிலிருந்து பலமாகக் காற்று வீசும் நாட்களில் மட்டும்தான் நடந்தது.

ஆர்கன் உண்மையில் எளிமையான பொருள். ஒரு பெரிய மரப்பெட்டி நிறைய காற்று அடைபட்டுக் காத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் பெட்டிக்குள் ஒரு சின்னக் கதவு. கட்டையை அழுத்தினால் கதவு திறந்து காற்று குழலுக்குப் போகும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் கதவை மூடிவிடும். ஆகவே ஒரு குழல் தானாக ஒலித்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, கதவு சரியாக மூடவில்லை. அல்லது காற்று வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது.

ஸ்பிரிங்கை மாற்றினேன். கதவின் தோலைத் துடைத்தேன். நகரத்திலிருந்து பழுதுபார்ப்பவர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் இலை அசையாத நாள். ஆர்கன் வாயே திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தையும் தேவாலயத்தையும் பார்த்துக்கொள்ளும் வில்லி, அது டாக்டரைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது என்றார். கோபுரத்துச் சன்னல்கள் வழியாகப் புயல் உள்ளே வருகிறது என்று முடிவு கட்டி அங்கே சாக்குகளை அடைத்தேன். ஜனவரியில் வந்த பெரிய புயலில் குழல் ஒலிக்கவில்லை. வெற்றி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்த காற்று நாளில் அது பழையபடி முனகியது.

பிப்ரவரியில் ரிக்மோர் இறந்துபோனாள்.

எங்கள் பாடகர் குழுவில் முப்பது வருடம் ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று பாடியவள். அவள் கணவர் எஸ்கில் சபைக் குழுவின் பொருளாளர். பால் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இலையுதிர் காலத்தில், நோய் முற்றிவிட்டது என்று தெரிந்த பிறகு, ரிக்மோர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“லிஸ்பெத், என் அடக்கத்துக்குப் பெரிசா எதுவும் வாசிச்சிடாதே. அந்தச் சின்ன மரக்குழல் வரிசை ஒண்ணு போதும். ஒவ்வொரு சரணத்துக்கும் நடுவுல கொஞ்சம் நிறுத்து. முப்பது வருஷமா எங்களை மூச்சு விட விட்டதில்ல நீ. அன்னிக்காவது விடு.”

சரி என்று சொல்லியிருந்தேன். தானாக ஒலித்த குழல் அந்தச் சின்ன மரக்குழல் வரிசையில்தான் இருந்தது. ரிக்மோர் கேட்ட அந்த மௌனத்தில்தான் அது நன்றாகக் கேட்கும்.

அடக்கம் வியாழக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை எஸ்கில் தேவாலயத்துக்கு வந்தார். வெளியே நல்ல காற்று. நான் மாடத்தில் ஆர்கனின் மோட்டாரைப் போட்டேன். குழல் ஒலித்தது. அவர் கீழே பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன்.

“வியாழக்கிழமைக்குள்ள சரியாகுமா?”

“காத்தடிச்சா ஆகாது, எஸ்கில்.”

“வியாழக்கிழமை புயல் வருதுன்னு சொல்றாங்க.”

சபை மண்டபத்தில் பியானோ இருக்கிறது, தள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்றேன்.

“அவ பியானோவா கேட்டா?” என்றார். குரல் உயரவில்லை. பியானோப் பேச்சை நான் அதோடு விட்டேன்.

ஜோடிப் படுக்கையில் அவள் பக்கம் பார்க்காமல் வாழப் பழகிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவளுக்காக இனி செய்யக்கூடியது என்று அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு பாட்டுதான்.

வில்லி வாளியோடு உள்ளே வந்தார். எஸ்கிலும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் எஸ்கிலின் தோளில் கை வைத்துவிட்டு மேலே காட்டினார். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் சிறிய மரக்கப்பல், எந்தக் காலத்திலோ கடலோடிகள் காணிக்கையாகக் கொடுத்தது, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அதுவும் உன் குழல் மாதிரிதான், லிஸ்பெத். காத்தடிச்சாத்தான் சுத்தும். ஜனவரிப் புயல்ல மட்டும் அப்படியே நின்னுச்சு. வயரிங் பார்க்கறாங்கன்னு ஹீட்டரை அணைச்சு வச்சிருந்தோமே, அந்த வாரம்.”

எனக்கு ஏதோ உறைத்தது. பீடத்திலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் கொளுத்தி, மேற்குச் சுவரோரம் நடந்தேன். சன்னல் விளிம்பில் வைத்தேன், கதவுக்கு அடியில் வைத்தேன். சுடர் நேராக நின்றது. வெளியே மரங்கள் வளைந்துகொண்டிருந்தன. உள்ளே சுவர் வழியாக மூச்சுக்கூட வரவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே வந்ததும் சுடர் துடித்தது. பெஞ்சுகளுக்கு அடியில் ஓடும் ஹீட்டரிலிருந்து வெப்பக் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. கப்பலைச் சுற்ற வைத்தது அதுதான். புயல் உள்ளே வரவே இல்லை.

“அப்ப காத்தோட சேர்ந்து வருது, ஆனா சுவர் வழியா வரல. அது என்ன?” என்று உரக்கவே யோசித்தேன்.

எஸ்கில் சன்னலுக்கு வெளியே வளையும் மரங்களைப் பார்த்தார். பிறகு, “விலை,” என்றார்.

மதியம் ஒரு மணி தாண்டியதும் மறுநாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மின்சார விலை வந்துவிடும். அதை இங்கே எல்லோரும் வானிலை பார்ப்பது போலப் பார்க்கிறோம். பார்க்கப்போனால் அது வானிலையேதான். கடலிலும் வயலிலும் நிற்கும் காற்றாலைகள் வேகமாகச் சுற்றினால் விலை இறங்கும், சில இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். காற்று செத்த குளிர்கால மாலைகளில், எல்லோரும் சமைக்கும் நேரத்தில், ஏறிக்கொள்ளும். எஸ்கில் அந்த விலைக்கோட்டைப் பார்த்து வீட்டையே நடத்தியவர். எங்க வீட்டுல பசிச்சா ரொட்டி வேகாது, காத்தடிச்சாத்தான் வேகும் என்று ரிக்மோர் பாடகர் குழுவில் சொல்லிச் சிரிப்பாள்.

போன செப்டம்பரில் அவர்தான் சபைக் குழுவிடம் பேசி, தேவாலயத்து ஹீட்டரையும் அந்த விலையோடு இணைத்தார். விலை விழுந்ததும் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும். யாரும் இல்லாத தேவாலயத்தை இருபது டிகிரிக்கு மேல் ஏற்றி, தடித்த சுவர்களில் சூட்டைச் சேர்த்து வைக்கும். விலை ஏறினால் அணைந்துவிடும். நல்ல யோசனைதான். கூரை ஓடு மாற்ற அதில் மிச்சம் பிடித்தோம். குழல் முனகத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. கிறிஸ்துமஸ் அன்றும் நன்றாகச் சூடேற்றினோம், அப்போது குழல் ஒலிக்கவில்லையே என்றேன்.

எஸ்கில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவ நடுங்க ஆரம்பிச்சதும் வீட்டுல விலை பார்த்து ஓடற அந்தப் புரோகிராமை எடுத்துட்டேன். விலையாவது ஒண்ணாவதுன்னு ராத்திரி பகலா சூடு போட்டேன். அப்புறம் அவ உதடு வெடிச்சுது. தண்ணியை முழுங்க முடியல. சூடு தப்பில்ல, காத்து காஞ்சு கிடக்குன்னு நர்ஸ் சொன்னா. ஹீட்டர்கிட்ட ஈரத்துண்டைத் தொங்க விடச் சொன்னா.” காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். “கிறிஸ்துமஸுக்கு எத்தனை பேர் இருந்தாங்க இங்க?”

தேவாலயம் நிறைய ஆட்கள். நனைந்த கோட்டு, மூச்சு, பாட்டு. அத்தனையும் ஈரம்.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. குளிர்ந்த காற்று கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்கும். அதை வெறுமனே சூடாக்கினால் ஈரம் கூடுவதில்லை, காற்றின் தாகம்தான் கூடுகிறது. பூட்டிய தேவாலயத்தில் அந்தத் தாகத்துக்குக் கிடைப்பது மரம் மட்டுமே. வெப்பக் காற்று மேலே ஏறும். மேலே மாடத்தில் இருப்பது ஆர்கன். காற்றடித்தால் விலை விழுகிறது, விலை விழுந்தால் ஹீட்டர் இரவெல்லாம் ஓடுகிறது, மரம் காய்ந்து சுருங்குகிறது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆர்கனுக்குள் நுழைந்தேன். அந்தக் குழல் நிற்கும் பலகைக்கும் காற்றுப்பெட்டிக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினேன். தடையில்லாமல் உள்ளே போனது. பெட்டியில் அடைபட்டிருந்த காற்று, மூடிய கதவைச் சுற்றிக்கொண்டு அந்த இடுக்கு வழியாகக் குழலுக்குக் கசிந்திருக்கிறது.

நான் வெளியே வந்து சொன்னபோது எஸ்கில் தலையாட்டினார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, அந்த இரவுக்கான கோட்டைப் பார்த்தார். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. அவருடைய வாழ்க்கையில் அப்படி ஒரு மணி நேரத்தைச் சும்மா விட்டதில்லை. புரோகிராமை நிறுத்தினார்.

“வீட்டுல நிறுத்தினப்பவே இங்கயும் நிறுத்தியிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல, லிஸ்பெத்.”

“உங்களுக்கு அப்ப வேற கவலை இருந்துச்சு.”

“அவ கடைசியா பாட வந்த அன்னிக்கும் இது முனகிச்சு. யாரோ சுருதி பிடிக்கிறாங்க போலன்னு சொன்னா.”

வில்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

மாலையில் எஸ்கில் வீட்டிலிருந்து படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்தார். வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் ரிக்மோரின் தையல். அவற்றை நனைத்துப் பிழிந்து, மரத்தில் படாமல் மாடத்தின் கைப்பிடி நெடுகத் தொங்கவிட்டோம். காயக் காய வில்லி நனைத்தார். புதன்கிழமை மாலை அதே காகிதத் துண்டை நீட்டிப் பார்த்தேன். பாதியில் தடுத்தது. வியாழன் காலை அது உள்ளே போகவே இல்லை.

அடக்கத்தன்று புயல் வந்துவிட்டது. மின்சாரம் இனாமாகக் கிடைத்த நாள். ஊரில் எல்லா வீட்டிலும் துவைக்கும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கும், மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்திருக்கும். தேவாலயத்தில் மட்டும் அப்படியே குளிர். ஜனங்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. கப்பல் அசையவில்லை.

மரக்குழல் வரிசையில் முதல் சரணத்தை வாசித்தேன். விரல்களை எடுத்தேன். கூரைமேல் புயல் உறுமியது. உள்ளே ஒன்றும் ஒலிக்கவில்லை. பாடகர் குழு மூச்சை இழுத்துக்கொள்வது எனக்குக் கேட்டது. எஸ்கில் சவப்பெட்டியைப் பார்த்தபடி இருந்தார். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் அவள் கேட்ட அளவுக்குக் காத்திருந்தேன். கடைசிச் சரணத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கூடவே.

மார்ச்சில் எஸ்கில் புரோகிராமைத் திரும்ப இணைத்தார், வேறு விதமாக. மாடத்தில் ஆர்கனுக்குப் பக்கத்தில் ஓர் ஈரப்பதமானியை வைத்து அதையும் ஹீட்டரோடு சேர்த்தார். வழிபாட்டுக்கு முன் எந்த மணி நேரத்தில் சூடேற்றுவது என்று இப்போதும் விலைதான் தீர்மானிக்கிறது. ஆனால் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது, ஆள் இல்லாத நாட்களில் எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. மாடத்தில் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், மின்சாரம் இனாமாகவே கிடைத்தாலும் ஹீட்டர் அணைந்துவிடும்.