லாக்லனின் கால்விரல்கள்

ஃபாக்லாந்தில் காலை பத்து மணிக்கு டாக்டர் ரேடியோவில் வருவார். பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே அவ்வளவு தூரம் என்பதால் வைத்தியமெல்லாம் அதில்தான். யாருக்கு மூலம், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தீவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். கேட்டதாக மட்டும் ஒருவரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அந்த நாகரிகமும் இல்லாவிட்டால் அங்கே யாரும் யார் முகத்திலும் முழிக்க முடியாது.

அந்தத் தீவுக்கு மால்வினாஸ் என்று பெயர் சொல்லி உரிமை கொண்டாடிய அர்ஜென்டினாக்காரர்கள் வந்திறங்கிய குளிர்காலத்தில், ஆடு மேய்க்கும் லாக்லனின் மனைவி எஃபி ஒதுக்குப்புற வீட்டில் தனியாக இருந்தாள். மாவு வாங்கப் பெரிய பண்ணைக்குப் போன லாக்லனை அங்கிருந்த குடும்பங்களோடு சேர்த்து நடனக் கொட்டகையில் பூட்டிவைத்துவிட்டார்கள். வேண்டாத விருந்தாளிகள் வீட்டுக்காரனைப் பூட்டிவைத்த கதை.

ஒருநாள் நாய்கள் விடாமல் குரைத்தன. போய்ப் பார்த்தால், இறைச்சி தொங்கவிடும் கம்பிவலைக் கூண்டுக்குள் ஒரு சிப்பாய்ப் பையன் பச்சை ஆட்டுக்கறியைக் கடித்துக்கொண்டிருந்தான். துப்பாக்கியை எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான். நாய்களை ஏவிவிடலாம் என்றுதான் எஃபிக்கு முதலில் தோன்றியது. அவன் பூட்ஸைக் கழற்றியதும் அடித்த நாற்றத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. தண்ணீர் நிற்கும் பதுங்குகுழியிலேயே கிடந்து கால் அழுகத் தொடங்கியிருந்தது.

பெயர் ரமிரோ. பருத்தி விளையும் வெயில் சீமையான சாக்கோவிலிருந்து பிடித்துவந்த பிள்ளை, பனியையே அப்போதுதான் பார்க்கிறான். அவள் பாஷை அவனுக்குத் தெரியாது. தட்டை வைக்கும்போதெல்லாம் அந்தக் காலோடு எழுந்து நின்று, "கிராசியாஸ், செஞோரா" என்று, நன்றி அம்மா என்பதை அவன் பாஷையில் சொல்லுவான். உட்காரடா என்று அவள் அதட்டினாலும் அதற்கும் நன்றி.

விரல்கள் கறுக்கத் தொடங்கியதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் டாக்டர் நேரத்தில் ரேடியோவை எடுத்தாள். அந்த வீட்டில் சொல்வதற்கு வேறு ஆண் பெயர் ஏது?

"டாக்டர், லாக்லனுக்குக் கால்விரலெல்லாம் கறுத்துப்போச்சு. தொட்டா உணர்ச்சியே இல்லைங்கிறார்."

லாக்லன் எங்கே இருக்கிறான் என்பது டாக்டருக்கும் தெரியும். இருந்தும், "வெதுவெதுப்பான தண்ணியில வை, எஃபி. தேய்ச்சிடாத. நாளைக்கு எப்படி இருக்குன்னு சொல்லு" என்றார்.

கேட்டவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதுதான் அவளுடைய நம்பிக்கை. வழக்கமாக அது பொய்த்ததில்லை. கொட்டகையிலும் ஒரு ரேடியோவை விட்டுவைத்திருப்பார்கள், அங்கே நாள்கணக்காக அடைந்துகிடந்து அலுத்தவர்களுக்குச் சிரிக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் ஹெலிகாப்டர் வந்தது. இறங்கிய அதிகாரிக்குப் பின்னால் லாக்லன். நடந்ததை அவன்தான் வாசலில் நின்று கத்தினான். ரேடியோவைக் கேட்டுக் கொட்டகையே குலுங்கச் சிரித்ததாம். கம்பளி கத்தரிக்கும் டூகல், "லாக்லன், உன் விரலை நீ இங்க வச்சிருக்க, உன் பொண்டாட்டி அங்க யாரோட விரலைத் தடவிக்கிட்டிருக்கா?" என்றானாம். இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பூட்ஸைக் கழற்றி, பத்து விரலையும் எல்லாருக்கும் ஆட்டிக்காட்டியிருக்கிறான். கதவோரம் நின்ற அதிகாரிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அந்த மடையனுக்கு அப்போது நினைவில்லை.

அதிகாரி சமையலறைக்குள் வந்தார். ரமிரோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"அம்மா, இவன் கத்தியைக் காட்டி உள்ள வந்தானா, நீங்களா கூப்பிட்டு வச்சீங்களா?" அதிகாரி நிதானமாகத்தான் கேட்டார். "மிரட்டினான்னா குத்தம் இவனோட. நீங்களா வச்சிருந்தா, உங்க வீட்டுக்காரர் வெறுங்காலோட வெளியில நிப்பார். ரேடியோவில சொன்னது பொய்யாயிடக் கூடாதில்ல."

எஃபி லாக்லனைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் கிடந்த ரொட்டிக் கத்தியைப் பார்த்தாள். பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கத்தி வச்சிருந்தான்," என்றாள்.

தனக்காகத்தான் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. "கிராசியாஸ், செஞோரா" என்றான்.

அதிகாரியோடு வந்த சிப்பாய்கள் முற்றத்தில் நான்கு முளை அடித்து, கைகால்களை விரித்துக் கட்டி, உறைபனியில் அவனைக் குப்புறப் போட்டார்கள். "மால்வினாஸ் எங்க மண்ணுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தோம். நல்லாக் கட்டிப்பிடிச்சுக்கட்டும்," என்று அதிகாரி அவளுக்கும் புரியும்படி இங்கிலீஷில் சொன்னார்.

இருட்டும்வரை அவன் செஞோரா, செஞோரா என்று கூப்பிட்டான். எஃபி, அங்கே விறகுக்குப் பதில் எரிக்கும் புல்கரிக் கட்டிகளை அள்ளி அள்ளி அடுப்பில் போட்டாள். லாக்லன் நாற்காலியைத் தடவிப்பார்த்து, "இதுலதான் உக்காருவானா?" என்றான். அவனை அவள் அதற்குமுன் அப்படி வெறுத்ததில்லை.

விடிந்ததும் முகத்தையும் சேர்த்துக் கூடாரத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பத்து மணிக்கு ரேடியோவில் டாக்டர் கூப்பிட்டார். "எஃபி, லாக்லனோட கால் எப்படி இருக்கு?"

லாக்லன் அடுப்பருகே காலை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தான்.

"சரியாயிடுச்சு, டாக்டர். இனிமே ஒண்ணும் வேண்டாம்."

தீவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.