பலகையில் விட்ட இடம்

"அட்ரஸ் என்னன்னு எழுதட்டும் தாயி?" என்று போர்டு எழுதும் கருப்பு ஒருநாள் கேட்டான். 'முனீஸ்வரி லேடீஸ் டெய்லர்' என்று மட்டும் எழுதி, அடியில் ஒரு சாண் இடத்தைச் சும்மா விடச் சொன்னாள் முனீஸ்வரி. பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் ஏதாவது சொல்லிக் கிளப்பிவிடுவார்கள். தெருப் பெண்கள் நம்பி ஜாக்கெட் துணி கொடுக்க ஆரம்பிக்கும் நேரத்தில்தான் தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருக்கும்.

இந்த விளாங்குடி வீடு அப்படியில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம். வீட்டுக்காரர் நாகசுப்பிரமணியன் பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார். வருஷா வருஷம் வந்து ஆள் பிடிக்க அவரால் ஆகாது. ஐந்து வருஷத்துக்கு அவரும் காலி பண்ணச் சொல்லக் கூடாது, இவர்களும் கிளம்பக் கூடாது. நடுவில் கிளம்பினால் அட்வான்ஸ் திரும்பாது.

மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால், பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அன்று காலையே இங்கே பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்த பால் அடுப்பில் காய்வதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"பத்திரம் ரெடி. மத்தியானம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன். ரெண்டு பேரும் ஆதாரை எடுத்துக்கங்க."

முனீஸ்வரியின் புருஷன் ராம்கி, வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே நிறுத்தினான். "இன்னைக்கேவா? ஆடி போகட்டும் சார். ஆவணியில வச்சுக்கிருவோமே."

"ஆடி நாளைக்குத்தானப்பா. அதுக்காகத்தான இன்னைக்கு டோக்கன் போட்டேன்."

"இல்ல, நல்ல காரியம்... நிதானமாப் பண்ணலாம்னு."

முனீஸ்வரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ராகு காலத்தில் போய் பைக் எடுத்து வந்த ஆள் அவன்.

"என்னங்க, பால் காய்ச்ச அம்புட்டு அவசரப்படுத்துனதே நீங்கதான? கையெழுத்துக்கு மட்டும் என்ன ஆவணி?"

"பெரியவங்க பேசயில சும்மா இரு முனீஸ்."

"யாரு பெரியவங்க? நீங்களா?"

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. கையெழுத்தப் போட்டுட்டு மூணாம் மாசம் போன்ல அழக் கூடாது."

ராம்கி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஓசூர்ல ஒரு கம்பெனியில கூப்புட்டாங்க. ஆடிப் பெருக்கு கழிச்சு வாரேன்னு சொல்லிட்டேன்."

"எப்பச் சொன்னீங்க?"

"போன மாசம்."

"அப்ப இந்தப் பால்?"

"காய்ச்சிட்டா நீ கொஞ்ச நாள் சந்தோசமா இருப்பேன்னு நெனச்சேன். ஆடியில யாரும் பத்திரம் போட மாட்டாங்க, அதுக்குள்ள எடுத்துச் சொல்லிக்கிரலாம்னு..."

"அங்க வீடு?"

"மொதல்ல கம்பெனி ரூம். அந்த வேலை சரியில்லைன்னா வேற ஊரு. அஞ்சு வருசம் முனீஸ்! என்ன வந்தாலும் இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். யோசிச்சியா?"

அவள் யோசிக்காமல் இல்லை. தையல் ஓடாமல் போகலாம். போர்வெல் வற்றலாம். அவன் அங்கே காய்ச்சலென்று படுத்தால்கூட, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட முடியாது. ஓசூரையும் நினைத்துப் பார்த்தாள். அங்கேயும் ஒரு புதுத் தெரு. அங்கேயும் முதல் ஜாக்கெட்டுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அதற்கப்புறம் இன்னொரு ஊர்.

"சார், பத்திரத்துல என் பேரு மட்டும் போடலாமா?"

வீட்டுக்காரர் ராம்கியைப் பார்த்தார். அவன் நிமிரவில்லை.

"வாடகைக்கு என்னம்மா பண்ணுவ?"

"தைச்சுக் கட்டுவேன்."

"முடியலைன்னா?"

"அட்வான்ஸ் உங்களுக்கு. அப்படித்தான எழுதியிருக்கு?"

"நான் இரக்கப்படுறவன்தாம்மா. ஆனா பத்திரம் இரக்கப்படாது. நல்லா யோசிச்சுக்க."

"பேர மாத்தச் சொல்லுங்க சார்." குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அவர் பத்திரம் எழுதுகிறவரைக் கூப்பிடச் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார்.

ராம்கி டம்ளரைக் கீழே வைத்தான். பாலில் ஆடை படிந்திருந்தது. பிரித்து அடுக்கிய சாமான்களுக்கு நடுவே அவன் பை மட்டும் கட்டிய மேனிக்குக் கிடந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டினான். வாசலை மறித்துச் சாத்தியிருந்த டெய்லர் பலகையை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தான். அடியில் விட்டிருந்த வெற்றிடத்தை ஒரு தரம் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.