ஐந்து பேர் வந்த கூட்டம்

மூடியைத் தூக்கிய இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஐறீன் சவப்பெட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுப்பதாக இல்லை.

“சபை ஆக்கள் வராம மூட விடமாட்டன்.”

“மம்மி, நாலு மணிக்குப் பூசை. ஃபாதர் பாத்துக்கொண்டு நிக்கிறார்,” என்றான் டிலான்.

“நிக்கட்டும். இருபது வருஷமா அந்தச் சபைக்கு உங்கட டெடிதான் செக்ரட்டரி. அவங்க வந்து அனுதாபத் தீர்மானம் வாசிக்காம நான் அவர அனுப்பமாட்டன்.”

டிலான் அக்காவைப் பார்த்தான். டெனிஷா அறைக்குள் போய்த் தகப்பனின் பையிலிருந்து கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். யாராவது ஒருவரின் நம்பர் கிடைத்தால் போதும்.

கொட்டாஞ்சேனை கலை கைத்தொழில் ஊக்குவிப்புச் சபை. நூறு வருடம் பழையது. புத்தகத்தின் முன்பக்கத்தில் தகப்பன் ஹெக்டர் அதன் சரித்திரத்தை எழுதி வைத்திருந்தார். சிரட்டையில் பொத்தான் செய்தவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்களாம். சவர்க்காரத்துக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார்களாம். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு பாதிப் பேர் கனடாவுக்கும் மெல்பேர்னுக்கும் போய்விட்டார்கள். கீழே சிவப்பு மையில் ஒரு விதி: ஐந்து பேர் இல்லாத கூட்டம் செல்லாது, ஒரு வருடம் கூட்டம் நடக்காவிட்டால் சபை கலைந்துவிடும்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். போன சனிக்கிழமை. ஹெக்டர், இம்மானுவேல் மாஸ்டர், கோமஸ், ராசநாயகம், டொக்டர் பலீல் சமுகமளித்தனர்.

இம்மானுவேல் மாஸ்டரா? பள்ளிக்கூடத்தில் ஏஎல் படிக்கும்போது இவளே அவருடைய செத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். கோமஸ் கொரோனாவில் போனவர். டிலானைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“பலீல் டொக்டர் மௌத்தாகி நாலு வருஷம் அக்கா. ராசநாயகம் அங்கிள் அதுக்கும் முந்தி.”

முந்தின பக்கங்களிலும் அதே ஐந்து பேர்தான். புது ஆட்கள் சேர்ந்திருப்பார்கள் என்றல்லவா வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்! சனிக்கிழமைதோறும் சபை மண்டபத்து அறையில் இந்த மனுஷன் தனியாகவா இருந்தார்? பொய்யா, விசரா? டெனிஷாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மம்மியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

“அவங்களுக்கு வர ஏலாதாம் மம்மி. நான் வாசிக்கிறன்.”

வாசிக்கத்தக்கதாக ஒன்றைத் தேடினாள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒரே வரி இருந்தது.

“‘திருமதி ஐறீன் அனுப்பிய பற்றிஸுக்கு இச்சபை ஏகமனதாக நன்றி தெரிவிக்கிறது.’ எல்லாக் கூட்டத்திலயும் இருக்கு.”

ஐறீனின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. கிழமைக்குக் கிழமை பத்துப் பற்றிஸ் பொரித்துக் கொடுத்தனுப்பியவள் அவள்தானே.

“ஆர் பிரேரிச்சது?”

பொய் சொல்ல ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

“இம்மானுவேல் மாஸ்டர்.”

“ஆமோதிச்சது?”

“கோமஸ் அங்கிள்.”

ஐறீன் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். தூரப் பிடித்து, ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டு போனாள். முந்தின பக்கத்தைப் பார்த்தாள். அதற்கும் முந்தினதைப் பார்த்தாள்.

பிறகு குனிந்து ஹெக்டரின் காதருகே போனாள்.

“என்ன மனுஷன் நீங்க! செத்த ஆக்களோடயா இவ்வளவு காலமும் தனிய இருந்தீங்க? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் வந்து ஒரு கதிரையில இருந்திருப்பனே.”

அவள் நிமிர வெகுநேரம் எடுத்தது.