ரெண்டும் மேலதான் வருது

மூடிப்போன சுரங்கத்தை அருங்காட்சியகமாகத் திறக்கும் விழாவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது என் கணவர் அலோய்ஸ் சுரங்கக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் சிலேசியா நிலக்கரிப் பகுதியில் சுரங்கத் தொழிலாளியின் விழாச் சீருடைக்கு இருபத்தொன்பது பித்தளைப் பொத்தான்கள். விழாவில் விசையை அழுத்தப்போகிறவர் அவர் என்பதால் விடியற்காலையிலிருந்து அத்தனையையும் தேய்த்தவள் நான். எனக்கும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போலத்தான் இருந்தது.

உச்சியில், முன்பு ஆளிறக்கும் கூண்டுகளின் கயிறுகளைத் தாங்கிய இரண்டு சக்கரங்களும் சோதனை ஓட்டத்தில் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இது என்னம்மா கூத்து?" அலோய்ஸ் அருங்காட்சியக இயக்குநரான டொமினிகாவிடம் பாய்ந்தார். "ஒரு கூண்டு மேல வந்தா இன்னொண்ணு கீழ போகணும். ஒரு சக்கரம் இப்படின்னா இன்னொண்ணு அப்படிச் சுத்தணும்!"

"இப்ப கூண்டும் இல்ல, கயிறும் இல்ல சார். சும்மா அழகுக்குத்தானே?"

"அழகுக்கா? இது என்ன ராட்டினமா?"

"ஒரு வாரமா ஓடுது. யாரும் குறை சொல்லல."

"ஒரு சக்கரத்தோட மோட்டார் பெல்ட்டை எட்டு மாதிரி முறுக்கிப் போட்டா சரியாயிடும். பத்து நிமிஷம் குடு."

"பொறியாளர் கையெழுத்து இல்லாம தொடக் கூடாது சார். மேயர் வேற வந்துட்டார்."

"விசையை அழுத்தித் தொலையேன் அலோய்ஸ்!" என்றேன்.

"நீ சும்மா இரு ட்ரூடா."

முப்பத்தொரு வருடம் கூண்டு ஓட்டியவர். மைதானத்தில் கூடியிருந்த கிழவர்கள் எல்லோரும் அவர் கையை நம்பி எண்ணூறு மீட்டர் இறங்கியவர்கள். அந்தக் கை இன்று அவர்கள் கண்ணெதிரே தப்பாக ஓட்டப்போகிறது.

வாத்திய முழக்கம் எழுந்தது. அலோய்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினார். மேயர் கைதட்டினார். கிழவர்கள் தட்டவில்லை.

"டேய் அலோய்ஸ்!" கூட்டத்திலிருந்து பழைய சுரங்கத் தொழிலாளி ரூஃபினின் குரல். "ரெண்டு கூண்டும் மேல வந்துடுச்சே, அப்ப கீழ யார்றா வேலை பாக்குறது?"

மைதானமே சிரித்தது. அலோய்ஸின் காதுகள் சிவந்தன. சட்டென்று விசையை அணைத்தார்.

"சார், போடுங்க! டிவிக்காரங்க எடுக்கறாங்க!"

"கூண்டு ஓட்டுறவன்கிட்ட யாரும் பேசக் கூடாது."

அது அந்தக் காலச் சட்டம். மேலாளரே வந்தாலும் கூண்டு இயக்கும் அறையின் வாசலோடு நிற்க வேண்டும். டொமினிகா என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்கம்மா!"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரூஃபின், "பெல்ட்டை நாங்களே முறுக்கிப் போடுறோம்!" என்று கோபுரத்தின் இரும்புப் படியில் கால் வைத்துவிட்டான். எழுபத்திரண்டு வயது, முட்டியில் அறுவைச் சிகிச்சை. பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"ஐயோ, இறங்குங்க! யாராவது பிடிங்களேன்!" டொமினிகா கத்தினாள்.

"ஆள் ஏறுது," என்றார் அலோய்ஸ், விசையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. "இனி யார் சொன்னாலும் ஓடாது."

ரூஃபின் போகிற போக்கில் தன் சீருடையின் இறகுத் தொப்பியை என்னிடம் நீட்டினான். மற்றவர்களும் நீட்டினார்கள். மூன்று தொப்பிகளையும் அணைத்தபடி நின்றேன். கறுப்பு இறகுகள் மூக்கில் குத்தின. மேலே, அசையாத சக்கரங்களை நோக்கி, மூன்று வழுக்கைத் தலைகள் வெயிலில் மினுங்கிக்கொண்டு ஏறின.