செத்தவன் சாகாத ஊர்

...மனநிம்மதியாம், இந்த ஊர்க்காரர்கள் நூறைத் தாண்டுவதற்கு அதுதான் காரணமாம், சொல்கிறாள் ஆராய்ச்சிக்காரம்மா, அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே... கல்குவாரியில் முப்பத்தாறு வருஷம் சம்மட்டி அடித்தவருக்கு மனநிம்மதியா, இருமினால் இன்னும் கல்தூள் வருகிறதே என்று பக்கத்தில் நின்ற மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூற்றியொன்றாம்! நூறு தாண்டியவர்களைப் போட்டோ எடுப்பார்களாம் என்று சலவைச் சட்டையும் சவரம் செய்த முகமுமாகப் புதுமாப்பிள்ளை மாதிரி அல்லவா உட்கார்ந்திருக்கிறார்... சொல்லிவிடலாமா, அம்மா, அது இவர் வயசில்லை, இவர் அண்ணன் வயசு, பத்து வருஷம் மூத்தவர், சின்னதிலேயே காய்ச்சலில் போனவர், பதினெட்டு ஆகாதவனைக் குவாரியில் சேர்க்க மாட்டார்கள் என்று பதினாலு வயசில் அந்த அண்ணனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, அடுப்புக்கரியில் மீசை வரைந்துகொண்டு போய் நின்றவர் இவர்... வியர்வையில் மீசை தாடைக்கு இறங்கியதாம், ஆள் தேவைப்பட்ட மேஸ்திரி வானத்தைப் பார்த்தானாம். இவர் மட்டுமா, எதிர்வீட்டு நூற்றிமூன்று, முக்குவீட்டு நூறு, எல்லாம் அண்ணன்மார் வயசு, இந்த ஊரில் செத்தவன் எவன் செத்திருக்கிறான், தம்பி உடம்பில் ஏறி மறுநாளே சம்மட்டி தூக்கப் போய்விடுவானே...

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. இவன் மட்டும் யோக்கியமா? இவனும் எட்டு வயசு மூத்த, சின்னதிலேயே செத்துப்போன அண்ணனின் சான்றிதழில் கல்லுடைக்கும் மிஷினுக்குப் போனவன்தானே, அம்மாவே மடித்துக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்... இப்போது அந்தச் சான்றிதழ் திரும்பிக் கடிக்கிறது, அடுத்த மாதம் அறுபது, வீட்டுக்குப் போ என்கிறது ஆபீஸ், சின்ன மகள் பள்ளிக்கூடமே தாண்டவில்லை, இவனுக்கோ மெய்யாக ஐம்பத்திரண்டு. ஆராய்ச்சிக்காரம்மா படித்தவள், கையில் சீல் வைத்த நோட்டு, அதில் ஐம்பத்திரண்டு என்று ஏறிவிட்டால் ஆபீஸ் மேஜையில் கொண்டுபோய்ப் போடலாமே... ஆனால் இந்த நூலை இழுத்தால் அப்பாவின் நூற்றியொன்றும் உருவிக்கொண்டு வந்துவிடுமோ? வந்தால் வரட்டும், தொண்ணூற்றியொன்று என்ன கேவலமா?

“உங்க வயசு என்னங்க?” என்று இவன் பக்கம் திரும்பினாள். “ஐம்பத்திரண்டுங்க.” வெளியே வந்துவிட்டது, அப்பாடா... கைத்தடி படாரென்று கணுக்காலில் இறங்கியது. “அறுபதுடா! பெத்தவனுக்குத் தெரியாதா? அவன் கிடக்கிறான், நீ எழுதும்மா.” அவள் இவனை மேலும் கீழும் பார்த்தாள், கண் விரிந்தது. “அறுபதா! பார்த்தா ஐம்பத்திரண்டுன்னுதான் சொல்லுவாங்க. ஊர்த் தண்ணி அப்படி!” எழுதியே விட்டாள், போச்சு, இவன் உண்மையும் அவளுக்குச் சாட்சியாகப் போய்விட்டது, கிழவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டார், போட்டோ ஆசையில் பெற்ற பிள்ளையையே... கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே முறைத்தான். அப்பா இவனைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தபடி, யாரோ வர நேரமாகிவிட்ட மாதிரி, “வர்ற மாசம் வந்தா அறுபது” என்றார் மெல்ல, யாருக்கும் இல்லாமல்... பொய் சொல்கிறவர் முகமா இது? அண்ணன் இருந்திருந்தால் வருகிற மாதம் அறுபதுதானே... அப்படியானால் இத்தனை வருஷமாக இவர் யாருக்கு வயசு எண்ணிக்கொண்டிருக்கிறார்?